கணிப்பாளராக இருந்து பேராசிரியரானவர்: எடித் கிளார்க்கின் வாழ்வும் பணியும்

2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை முற்பகல் வேளையில் நாடு முழுவதும் ஒரேயடியாக மின்சாரம் தடைப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று மின்மாற்றியைத் தீண்டியமையே காரணம் என அப்போது அமைச்சர் தெரிவித்தார். அச்செய்தி உள்நாட்டில் மாத்திரமன்றி வெளிநாடுகளிலும் நகைப்புக்கு இடமாகியது. ஆயினும், நகைத்து முடிந்த பின்னர் எஞ்சியிருந்த கேள்வி நகைப்புக்குரியதன்று. பாணந்துறையில் ஏற்பட்ட ஒரு கோளாறு பருத்தித்துறையிலும் பொத்துவிலிலும் மின்விசிறியை நிறுத்துவது எவ்வாறு?

நாட்டின் பிரதான மின்நிலையங்களிலுள்ள மின்பிறப்பாக்கிகள் யாவும் ஒரே வலையமைப்பில் பிணைக்கப்பட்டு, ஒரே தாளகதியில் சுழல்கின்றன. எங்கோ ஓரிடத்தில் ஏற்படும் அதிர்வினால் அத்தாளம் குலையுமாயின், ஒன்றன்பின் ஒன்றாக நிலையங்கள் வலையமைப்பிலிருந்து விலகிக்கொள்ள, ஈற்றில் முழு நாடுமே மின்சாரமின்றி நிற்க நேரிடுகின்றது. அன்றைய தினம் விடுமுறை நாளாகையால் மின்தேவை குறைந்தும், சூரிய மின்சாரத்தின் பங்கு மிகுந்தும் இருந்தமை வலையமைப்பை மேலும் பலவீனப்படுத்தியதென நிபுணர்கள் விளக்கமளித்திருந்தனர். இத்தாளம் எந்த எல்லை வரை தாக்குப்பிடிக்கும் என்பதை ஆராயும் இயலையே மின்தொகுதியின் உறுதிநிலை என்று பொறியியலாளர்கள் அழைக்கின்றனர்.

இவ்வியல் கால்கொண்ட 1920களில் அதன் அடிப்படைகளை வகுத்தவர்களுள் ஒரு பெண்ணும் இருந்தார். அவர்தான் ஐக்கிய அமெரிக்காவில் மின் பொறியியற் பேராசிரியராக அமர்ந்த முதற் பெண்மணி எடித் கிளார்க். மின் பொறியியல் பயின்றோர் 'கிளார்க் உருமாற்றம்' என்ற பெயரை அறிந்திருப்பார்கள். அப்பெயருக்குரியவர் ஒரு பெண் என்பதை அவர்களுள் எத்தனை பேர் அறிந்திருப்பார்கள் என்பது ஐயமே.

அவரது வாழ்வை இங்கு நாம் எடுத்துரைக்க முற்படுவது, அவர் 'முதற் பெண்' என்ற சிறப்புக்காக மாத்திரமன்று. ஒருவர் செய்யும் வேலைக்கும், அவ்வேலைக்காக அவருக்கு வழங்கப்படும் பெயருக்கும் பதவிக்கும் இடையில் எவ்வளவு தூரம் இருக்கக்கூடும் என்பதை அவ்வாழ்வு மிகத் தெளிவாகக் காட்டுகின்றது. அத்தூரம் எமது பெண்பிள்ளைகளுக்கும் புதியதன்று.

எடித் கிளார்க் 1883 பெப்ரவரி 10ஆம் திகதி மேரிலன்ட் மாநிலத்தின் ஹோவர்ட் மாவட்டத்தில் விவசாயப் பண்ணையொன்றில் பிறந்தார். ஒன்பது பிள்ளைகளைக் கொண்ட குடும்பம் அது. தந்தையார் சட்டத்தரணி. சிறு வயதிலேயே தந்தையை இழந்த எடித், பன்னிரண்டு வயதில் தாயையும் இழந்தார். அதன் பின்னர் மூத்த சகோதரியின் பராமரிப்பிலேயே வளர்ந்தார். பெற்றோர் விட்டுச்சென்ற சொத்தில் அவருக்கென ஒரு சிறு பங்கு இருந்தது. பராயமடைந்து அப்பணம் கைக்கு வந்தபோது அதனை அவர் தமது கல்விக்கே செலவிட்டார். நியூயோர்க் மாநிலத்தில் பெண்களுக்கென இயங்கிய புகழ்பெற்ற வாஸர் கல்லூரியில் சேர்ந்து, கணிதத்தையும் வானியலையும் பயின்று, 1908இல் சிறப்பான பெறுபேறுகளுடன் பட்டம் பெற்றார்.

பெற்றோரை இழந்த ஓர் இளம்பெண், தமக்குக் கிடைத்த ஒரேயொரு முதலைக் கணிதம் கற்பதற்காகச் செலவிட்ட இந்நிகழ்வை நாம் விரைந்து கடந்து செல்லலாகாது. எமது சமூகங்களில் பெண்பிள்ளையின் பேரில் சேமிக்கப்படும் பணம் பெரும்பாலும் எதற்கென ஒதுக்கப்படுகின்றது என்பதை வாசகர்கள் நன்கறிவார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அமெரிக்கச் சமூகமும் இவ்விடயத்தில் அவ்வளவு வேறுபட்டதாக இருக்கவில்லை. பெண்களுக்கு நாடு தழுவிய ரீதியில் வாக்குரிமையை உறுதிப்படுத்திய அரசியலமைப்புத் திருத்தம் அங்கு நிறைவேறியதே 1920இல்தான்.

பட்டம் பெற்ற பின்னர் அவருக்கு முன் திறந்திருந்த வழி ஆசிரியத்தொழில் ஒன்றே. சான் பிரான்சிஸ்கோவில் தனியார் பாடசாலையொன்றிலும், பின்னர் மேற்கு வேர்ஜீனியா மாநிலத்தின் மார்ஷல் கல்லூரியிலும் கணிதமும் பௌதிகவியலும் கற்பித்தார். ஆனால், அவரது நாட்டம் பொறியியலின் மீதே இருந்தது. எனவே 1911இல் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் குடிசார் பொறியியல் மாணவியாகச் சேர்ந்தார். மறு ஆண்டு கோடை விடுமுறையில் அமெரிக்கத் தொலைபேசி மற்றும் தந்திக் கம்பனியில் ஒரு தற்காலிக வேலை கிடைத்தது. அவ்வேலையில் கொண்ட ஈடுபாட்டினால் அவர் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்டார்.

அந்த வேலையின் பெயர் 'கம்பியூட்டர்' என்பதாகும். இன்று நாம் கணினி என அழைக்கும் இயந்திரம் அந்நாளில் இருக்கவில்லை. கணித்தல் தொழிலைச் செய்யும் மனிதரையே அச்சொல் குறித்தது. பொறியியலாளர் ஒருவர் ஒரு கருத்தை வகுத்துச் சமன்பாடுகளை எழுதுவார். அச்சமன்பாடுகளில் எண்களை இட்டு, அட்டவணைகளைப் புரட்டி, பக்கம் பக்கமாகப் பெருக்கியும் வகுத்தும் விடை காண்பது கணிப்பாளரின் வேலை. இவ்வேலைக்கு அமர்த்தப்பட்டோரில் பலர் கணிதம் பயின்ற பெண்களாவர். பொறுமையும் துல்லியமும் கொண்டவர்கள், குறைந்த சம்பளத்துக்குக் கிடைப்பவர்கள் என்பன அவர்களிடம் கண்ட தகைமைகள். வரைபடத்திலோ அறிக்கையிலோ அவர்களது பெயர் இடம்பெறுவது அரிது.

கிளார்க் பணியாற்றியது ஜோர்ஜ் கெம்பல் என்ற சிறந்த கணித அறிஞரின் கீழாகும். தொலைபேசிக் குரலை நெடுந்தூரம் கொண்டுசெல்லும்போது அது மங்கிப்போகாமல் தடுப்பது எவ்வாறு என்பதே கெம்பலின் ஆய்வுப்பொருள். நியூயோர்க்குக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையிலான தொலைபேசிச் சேவை 1915இல் தொடங்கியமை அக்காலத்தின் பெருஞ்சாதனை. நெடுந்தூரக் கம்பி ஒன்றின் வழியே மின் அலை எவ்வாறு பயணிக்கின்றது என்ற கணிதத்தைக் கிளார்க் கற்றுக்கொண்டது இங்குதான். முதலாம் உலகப் போர்க் காலத்தில் அவர் கணிப்பாளர் குழுவொன்றுக்குத் தலைமை தாங்கினார். பகலில் வேலை, இரவில் படிப்பு என அவரது நாட்கள் கழிந்தன. ஹன்டர் கல்லூரியில் வானொலிப் பாடத்தையும், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மின் பொறியியலையும் அவர் அவ்வாறே பயின்றார்.

1918இல் வேலையை விட்டு விலகி மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் சேர்ந்த அவர், மறு ஆண்டிலேயே மின் பொறியியலில் முதுமாணிப் பட்டம் பெற்றார். அந்நிறுவகத்தில் அத்துறையில் அப்பட்டத்தைப் பெற்ற முதற் பெண் அவரே. அப்போது அவருக்கு வயது முப்பத்தாறு. கையில் உலகின் தலைசிறந்த தொழில்நுட்பக் கல்லூரிகளுள் ஒன்றின் பட்டம். பின்னால் பல ஆண்டுகால அனுபவம். இவை இரண்டையும் கொண்டு அவர் பொறியியலாளர் பதவி தேடியபோது எந்த நிறுவனமும் அப்பதவியைத் தரவில்லை.

ஈற்றில் ஸ்கெனெக்டடி நகரிலுள்ள ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பனி அவரைச் சேர்த்துக்கொண்டது. வழங்கிய பதவியோ மீண்டும் கணிப்பாளர் குழுவின் மேற்பார்வையாளர் என்பதாகும். விசையாழிப் பொறியியற் பிரிவில், மிகு வேகத்தில் சுழலும் பாகங்கள் எவ்வளவு தகைப்பைத் தாங்கும் என்பதைக் கணிக்கும் பெண்களுக்கு அவர் வழிகாட்டினார். படித்த படிப்பு அவரை முன்னைய இருக்கைக்கு ஒத்த ஓர் இருக்கைக்கே மீண்டும் கொண்டுவந்து சேர்த்திருந்தது.

இக்காலப்பகுதியில் அவர் செய்த ஒரு காரியம் கவனத்துக்குரியது. 1921இல், கணிப்பாளர் மேற்பார்வையாளராகவே இருந்தபோது, ஒரு கண்டுபிடிப்புக்கு ஆக்கவுரிமை கோரி விண்ணப்பித்தார். 1925இல் அவ்வுரிமை வழங்கப்பட்டது. 'கிளார்க் கணிப்பான்' என்று பின்னர் அழைக்கப்பட்ட அக்கருவி, மின்கடத்தும் மார்க்கங்களைப் பற்றிய சமன்பாடுகளை வரைபு முறையில் தீர்ப்பதாகும்.

அதன் பயனைச் சற்று விளக்குவது அவசியம். குறுகிய தூரக் கம்பியின் வழியே மின்சாரம் செல்லும்போது, ஒரு முனையில் இடுவதே ஏறக்குறைய மறு முனையிலும் கிடைக்கும். கணக்கு இலகுவானது. ஆனால் நீர்வீழ்ச்சி ஒன்றின் அருகே பிறப்பிக்கப்படும் மின்சாரம் நூற்றுக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள நகரத்துக்குச் செல்லவேண்டியிருக்கும்போது நிலைமை மாறுகின்றது. கம்பியின் நீளம் முழுவதிலும் மின் ஏற்றம் தேங்கி வெளியேறுகின்றது. கம்பியைச் சூழக் காந்தப்புலம் எழுந்து மறைகின்றது. இவ்விளைவுகள் ஓரிடத்தில் இல்லாமல் நீளம் முழுவதிலும் பரந்திருப்பதால், அதிபரவளைவுச் சார்புகள் எனப்படும் கடினமான கணிதத்தைக் கையாள நேரிடுகின்றது. ஒரு மார்க்கத்துக்கான கணக்கைக் கையால் செய்து முடிக்க நெடுநேரம் பிடிக்கும். இடையில் ஒரு பிழை நேர்ந்தால் மீண்டும் தொடங்கவேண்டும்.

கிளார்க்கின் கருவியில் வரைபுத் தாளின் மீது கோல்களை நகர்த்தி, கோடுகள் சந்திக்கும் இடத்தில் விடையை வாசித்துக்கொள்ளலாம். சுமார் 250 மைல், அதாவது 400 கிலோமீற்றர் வரையான மார்க்கங்களுக்கு இது பொருந்தியது. முன்னைய முறைகளிலும் பத்து மடங்கு விரைவாக விடை தந்ததெனக் கூறப்படுகின்றது. ஹூவர் அணைக்கட்டிலிருந்து லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு ஏறத்தாழ 430 கிலோமீற்றர் தூரம் மின்சாரம் கொண்டுசெல்லப்பட்டது 1936இலாகும். அமெரிக்காவின் மின்துறை எத்திசையில் விரிந்துகொண்டிருந்தது என்பதை இதிலிருந்து உய்த்துணரலாம். அத்திசையில் பயணிப்போருக்கு வேண்டிய கருவியை ஆக்கியவர், பதவிப் பட்டியலில் பொறியியலாளராகவே இடம்பெறாத ஒருவர்.

சம்பளத்தில் ஆண்களுக்குச் சமமாக நடத்தப்படாமையும், பொறியியற் பணி மறுக்கப்பட்டமையும் அவருக்கு மனக்குறையாகவே இருந்தன. 1921இல் அவர் வேலையைத் துறந்து துருக்கிக்குக் கப்பலேறினார். அங்கு இஸ்தான்புல் நகரில் பொஸ்பரஸ் நீரிணையின் கரையில், அமெரிக்கர்களால் நடத்தப்பட்ட கொன்ஸ்தாந்திநோபிள் பெண்கள் கல்லூரி அவரைப் பௌதிகவியற் பேராசிரியராக ஏற்றுக்கொண்டது. போரில் தோல்வியுற்ற உதுமானியப் பேரரசின் தலைநகர் அப்போது நேச நாடுகளின் படைகளால் ஆக்கிரமிக்கப்பட்டிருந்தது. அனத்தோலியாவில் விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்தது.

இக்கல்லூரியின் முன்னைய வடிவமான மகளிர் கல்லூரியில் 1901இல் பட்டம் பெற்றவர்களுள் ஒருவர்தான் ஹாலிதே எதிப். 1919இல் இஸ்தான்புல்லின் சுல்தான் அஹ்மத் சதுக்கத்தில் பெருந்திரளான மக்கள் முன் உரையாற்றி, பின்னர் விடுதலைப் போரில் இணைந்துகொண்ட அவர், துருக்கியின் புகழ்பூத்த நாவலாசிரியராவார். பிற்காலத்தில் இஸ்தான்புல் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியப் பேராசிரியராகவும் விளங்கினார். தமது நாட்டில் பொறியியலாளர் என்ற பெயரையே பெறமுடியாதிருந்த அமெரிக்கப் பெண்ணொருவர், முஸ்லிம் பெண்களும் பயின்ற இக்கல்லூரியில் பேராசிரியர் என்ற மதிப்புடன் பௌதிகவியல் கற்பித்தார். கீழைத்தேயம் பின்தங்கியது, மேலைத்தேயம் முன்னேறியது என்று எல்லாவற்றையும் ஒரே அளவுகோலால் அளப்போர் இந்நிகழ்வைச் சிந்தித்துப் பார்ப்பது நன்று.

ஓராண்டின் பின்னர், 1922இல், ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பனி அவரை மீண்டும் அழைத்தது. இம்முறை மத்திய மின்நிலையப் பொறியியற் பிரிவில், மின் பொறியியலாளர் என்ற பதவியும் அதற்குரிய சம்பளமும் வழங்கப்பட்டன. ஐக்கிய அமெரிக்காவில் தொழில்முறை மின் பொறியியலாளராகப் பணியமர்த்தப்பட்ட முதற் பெண் அவரே எனக் கருதப்படுகின்றது. அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்பது. இடைப்பட்ட ஓராண்டில் அவர் புதிய பட்டம் எதனையும் பெற்றுவிடவில்லை. அவரது ஆற்றல் 1919இல் எவ்வாறிருந்ததோ ஏறக்குறைய அவ்வாறே 1922இலும் இருந்தது. மாறியது நிறுவனத்தின் மனப்பாங்கே. அவர் விலகிச் சென்ற பின்னர்தான் அது மாறியது என்பது குறிப்பிடத்தக்கது.

பதவி கிடைத்த பின்னர் அவர் ஆற்றிய பணிகள், அதுவரை இழக்கப்பட்டது எவ்வளவு என்பதை உணர்த்துகின்றன. 1884இல் தொடங்கப்பட்ட அமெரிக்க மின் பொறியியலாளர் நிறுவனத்தின் கூட்டத்தில், 1926 பெப்ரவரியில் அவர் ஓர் ஆய்வுக் கட்டுரையை வாசித்தார். அந்நிறுவனத்தின் நாற்பதாண்டு கால வரலாற்றில் பெண்ணொருவர் ஆய்வுக் கட்டுரை சமர்ப்பித்தது அதுவே முதற் தடவை. கட்டுரையின் பொருள், நாம் தொடக்கத்தில் குறிப்பிட்ட அதே உறுதிநிலைப் பிரச்சினையாகும்.

அதனை இவ்வாறு விளங்கிக்கொள்ளலாம். பாரமான இரண்டு சக்கரங்கள் ஓர் இறப்பர்த் தண்டினால் இணைக்கப்பட்டிருப்பதாகக் கொள்வோம். ஒன்றைச் சுழற்றினால் தண்டு சற்று முறுகி, மற்றதையும் சுழற்றும். கடத்தப்படும் வலு அதிகரிக்க அதிகரிக்க முறுக்கமும் அதிகரிக்கும். ஓர் எல்லையைத் தாண்டினால் தண்டினால் தாங்க இயலாது. இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழலத் தொடங்கிவிடும். சக்கரங்களின் இடத்தில் மின்பிறப்பாக்கிகளையும், இறப்பர்த் தண்டின் இடத்தில் மின்கடத்தும் மார்க்கத்தையும் வைத்துப் பார்த்தால் பிரச்சினை புலப்படும். மார்க்கம் நீள நீளத் தண்டு பலவீனமடைகின்றது. அவ்வெல்லை எங்குள்ளது, அதனை அப்பால் தள்ளுவது எவ்வாறு என்பனவற்றைக் கணித ரீதியில் ஆராய்ந்தவர்களின் முன்வரிசையில் கிளார்க் நின்றார்.

அவரது பெயர் இன்றும் நிலைத்திருப்பதற்கு மற்றொரு பங்களிப்பு காரணமாகின்றது. மின்சாரம் மூன்று கம்பிகளில் மூன்று அலைகளாக, ஒன்றுக்கொன்று சம இடைவெளி விட்டுச் செல்கின்றது. மரமொன்று முறிந்து ஒரு கம்பியில் மாத்திரம் விழுந்தால் சமநிலை குலைந்து, மூன்று அலைகளின் சமன்பாடுகளும் ஒன்றுடன் ஒன்று சிக்கிக்கொள்கின்றன. இச்சிக்கலை அவிழ்ப்பதற்கு 1918இல் சார்ள்ஸ் போர்டெஸ்கியு என்பவர் சமச்சீர்க் கூறுகள் என்னும் முறையை வெளியிட்டார். அம்முறையைப் பொறியியலாளர்கள் நடைமுறையில் கையாளத்தக்கதாக வளர்த்தெடுத்தவர்களுள் கிளார்க் முக்கியமானவர். அத்துடன் அவர் இன்னொரு வகைக் கூறுகளையும் வகுத்தார். அவையே 'கிளார்க் கூறுகள்' ஆகும்.

ஒரு மைதானத்தில் நிற்கும் ஒருவரின் இடத்தைச் சொல்வதற்கு மூன்று திசைகள் வேண்டியதில்லை. கிழக்கே எத்தனை அடி, வடக்கே எத்தனை அடி என்ற இரண்டு எண்களே போதும். அவ்வாறே சமநிலையிலுள்ள மூன்று அலைகளையும் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு கூறுகளால் விபரித்துவிடலாம். சமநிலை குலையும்போது எஞ்சி நிற்பதை மூன்றாவதான பூச்சியக் கூறு காட்டிவிடும். மூன்று சிக்கலான கணக்குகள் இவ்வாறு எளிதாகின்றன. இன்று மின்சார வாகனத்தின் இயக்கியைக் கட்டுப்படுத்துவதிலும், காற்றாலைகளின் மின்னை வலையமைப்புடன் இணைப்பதிலும், சூரிய மின்னுக்கான மாற்றிகளிலும் இதே உருமாற்றம் பரவலாகக் கையாளப்படுகின்றது. அக்கருவிகளுக்குள் இருக்கும் சிறு சில்லுகள் இக்கணக்கை ஒரு விநாடிக்குள் ஆயிரக்கணக்கான தடவைகள் செய்து முடிக்கின்றன. ஒரு காலத்தில் பெண் கணிப்பாளர்கள் தாளும் பென்சிலும் கொண்டு செய்த தொழில், இன்று ஒரு பெண் வகுத்த கணிதத்தைக் கொண்டு இயந்திரத்தால் செய்யப்படுகின்றது.

அவரது கட்டுரைகள் அமெரிக்க மின் பொறியியலாளர் நிறுவனத்தின் பரிசில்களை 1932இல் வட்டார மட்டத்திலும், 1941இல் தேசிய மட்டத்திலும் பெற்றன. கம்பனியின் இளம் பொறியியலாளர்களுக்கு அவர் நடத்திய விரிவுரைகளின் குறிப்புகள் வளர்ந்து, ஆடலோட்ட மின்தொகுதிகளின் சுற்றுப் பகுப்பாய்வு பற்றிய பெருநூலாக 1943இல் வெளிவந்தன. இரண்டாம் பாகம் 1950இல் வெளியாகியது. மின்வலுப் பொறியியல் பயின்ற ஒரு தலைமுறையினருக்கு அந்நூல் பாடநூலாக விளங்கியது.

1945இல் ஓய்வுபெற்று மேரிலன்டுக்குத் திரும்பிய அவரது ஓய்வு நீடிக்கவில்லை. 1947இல் ஒஸ்ரின் நகரிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் அவரை மின் பொறியியற் பேராசிரியராக நியமித்தது. அப்பல்கலைக்கழகத்தில் பொறியியல் கற்பித்த முதற் பெண்ணும் அவரே. நியமனம் பெறும்போது அவருக்கு வயது அறுபத்துநான்கு. பெரும்பாலானோர் பணியிலிருந்து விடைபெறும் வயதில் அவர் பேராசிரியப் பணியைத் தொடங்கினார். 1948இல் அமெரிக்க மின் பொறியியலாளர் நிறுவனத்தின் உயர் உறுப்புரிமை அவருக்கு வழங்கப்பட்டது. அதனைப் பெற்ற முதற் பெண் அவராவார். 1954இல் பெண் பொறியியலாளர் சங்கம் அவருக்குச் சாதனை விருது வழங்கியது. 1957இல் பல்கலைக்கழகத்திலிருந்து ஓய்வுபெற்ற எடித் கிளார்க், 1959 ஒக்டோபர் 29ஆம் திகதி தமது எழுபத்தாறாவது வயதில் மேரிலன்டில் காலமானார். அமெரிக்காவின் தேசிய கண்டுபிடிப்பாளர் மன்றத்தில் அவரது பெயர் சேர்க்கப்பட்டது 2015இல்தான்.

டெக்சாசில் கற்பித்துக்கொண்டிருந்த காலத்தில் அவர் பத்திரிகை ஒன்றுக்குத் தெரிவித்த கருத்தொன்று இன்றும் எடுத்துக்காட்டப்படுவதுண்டு. பெண் மருத்துவர்களுக்கு இருப்பதைப் போன்று பெண் பொறியியலாளர்களுக்கெனத் தனியான கேள்வி எதுவும் இல்லை. ஆனால் நல்ல வேலையைச் செய்யக்கூடிய எவருக்கும் எப்போதும் தேவை உண்டு என்பதே அதன் சாரம். தன்னம்பிக்கை மிக்க அக்கருத்தை நாம் மதிக்கின்றோம். சலுகை கோராது, செய்த வேலையைக் கொண்டே தம்மை அளக்கும்படி கேட்ட ஒருவரின் கருத்து அது.

எனினும், அவரது வாழ்வையே சான்றாகக் கொண்டு பார்த்தால் அக்கருத்து பாதி உண்மையையே கூறுகின்றது என்று எண்ணத் தோன்றுகின்றது. நல்ல வேலைக்கு எப்போதும் தேவை இருந்தது என்பது மெய்யே. அவர் கணித்த கணக்குகள் யாவும் பயன்படுத்தப்பட்டன. ஆனால் அவ்வேலையைச் செய்தவருக்கு உரிய பெயரும் ஊதியமும் தாமாகவே வந்து சேரவில்லை. கணிப்பாளராகத் தொடங்கி மின் பொறியியலாளர் என்ற பெயரைப் பெற அவருக்குப் பத்து ஆண்டுகள் பிடித்தன. அவர் எடித் கிளார்க் ஆகையால் கடல் கடந்து சென்றும் திரும்பிவந்தும் அதனைப் பெற்றுக்கொண்டார். அவருடன் அதே அறையில் அமர்ந்து கணக்குச் செய்த ஏனைய பெண்களின் பெயர்கள் எமக்குக் கிடைக்கவில்லை. அவர்களுள் இன்னுமொரு கிளார்க் இருந்திருக்கமாட்டார் என்று எவரால் கூறமுடியும்?

எமது நாட்டை நோக்கினால், கதவு திறந்து பல தசாப்தங்கள் கடந்துவிட்டன. இலங்கையின் முதற் பெண் பொறியியலாளர் எனப் போற்றப்படும் பிரேமளா சிவசேகரம், 1964இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் குடிசார் பொறியியற் பட்டம் பெற்றார். இன்று பேராதனை, மொறட்டுவைப் பல்கலைக்கழகங்களுக்கு அப்பால், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சியிலும், தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் ஒலுவிலிலும் இயங்குகின்றன. வடக்கிலும் கிழக்கிலும் வாழும் தமிழ், முஸ்லிம் மாணவியர் பொறியியல் கற்பதற்குக் கொழும்பையோ கண்டியையோ நாடிச் செல்லவேண்டிய கட்டாயம் இன்றில்லை. நமது பல்கலைக்கழகங்களுக்குத் தெரிவாகும் மாணவர்களில் பெரும்பான்மையினர் பெண்களாக இருந்தும், பொறியியற் பீடங்களில் அவர்கள் சிறுபான்மையினராகவே உள்ளனர். க.பொ.த. உயர்தரத்தில் கணிதப் பிரிவைத் தெரிவுசெய்ய விரும்பும் மாணவியிடம், 'பெண்பிள்ளைக்கு இது எதற்கு' என்ற கேள்வி இன்றும் கேட்கப்படுகின்றது.

அக்கேள்வியைத் தாண்டிப் பட்டம் பெறுபவருக்கும் அடுத்த கேள்வி காத்திருக்கின்றது. வெளிக்களப் பணிக்கு ஆண் ஒருவரையும், அலுவலகத்தில் வரைபடமும் அறிக்கையும் தயாரிக்கப் பெண் ஒருவரையும் அமர்த்துவது பல இடங்களில் இயல்பான ஒழுங்காகக் கொள்ளப்படுகின்றது. வேலை அவருடையது, கையொப்பம் வேறொருவருடையது என்ற நிலை எங்கு காணப்பட்டாலும், அது ஸ்கெனெக்டடியின் கணிப்பாளர் அறையை ஒத்ததே. பெண்பிள்ளைகளைப் பல்கலைக்கழக வாயில் வரை கொண்டுசென்று விடுவதுடன் சமூகத்தின் கடமை முடிந்துவிடுவதில்லை. அவர்கள் வெளியே வரும்போது, கற்ற கல்விக்குரிய பதவியை அப்பதவியின் பெயராலேயே வழங்க நிறுவனங்கள் முன்வரவேண்டும். மகளுக்கெனச் சேர்த்த பணத்தின் ஒரு பங்கையாவது அவளது படிப்புக்கெனச் செலவிடப் பெற்றோர் துணியவேண்டும்.

அடுத்த முறை மின்சாரம் தடைப்பட்டு மீண்டும் விளக்கு எரியும்போது, அவ்வலையமைப்பைத் தாளம் தவறாது பேணுவதற்கான கணிதத்தின் ஒரு பகுதி, பெற்றோரற்ற ஒரு பெண்பிள்ளை தன் சிறு சொத்தைச் செலவிட்டுக் கற்ற கல்வியிலிருந்து பிறந்தது என்பதை வீட்டிலுள்ள பிள்ளைகளுக்குச் சொல்வோமாக. ஆண்பிள்ளைகளும் அதனைக் கேட்பது அவசியம். நாளை ஒரு பதவிக்கான விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் இடத்தில் அவர்களும் அமரக்கூடும்.